அல்குஸைர்: செங்கடல் ஓரத்துச் சிறு கோட்டை

பெயர்ச்சொல்லைச் சிறிதாக்கிக் கூறும் முறையை அரபு இலக்கணத்தார் ‘தஸ்கீர்’ என்பர். ‘ஃபுஐல்’ என்னும் வாய்பாட்டில் ‘நஹ்ர்’ (ஆறு) என்பது ‘நுஹைர்’ (சிற்றாறு) ஆகிறது. ‘ஹஸன்’ என்பது ‘ஹுஸைன்’ ஆகிறது. அவ்வாறே ‘கஸ்ர்’ என்பதிலிருந்து ‘குஸைர்’, அதாவது சிறு கோட்டை, பிறக்கிறது. இப்பாடத்திற்கு எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள அல்குஸைர் நகரை எடுத்துக்காட்டாகக் காட்டுவது நம் வழக்கம். அஸ்ஹரில் பயிலச் செல்லும் நம் மாணவர்கள் கெய்ரோவையும் லக்ஸரையும் கண்டு திரும்புகின்றனர். குஸைரைக் கண்டு வந்தவர் அரிதிலும் அரிது. ஹுர்கதாவிற்குத் தெற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்நகருக்கு ஐரோப்பியர் வருவதோ பெரும்பாலும் பவளப்பாறைகளிடையே மூழ்கி மீன்களைக் காண்பதற்காகவே.

அப்பவளப்பாறைகளே இத்துறைமுகம் தோன்றிய காரணத்தையும் விளக்குகின்றன. கரையை ஒட்டி நெடுகிலும் அரண்போல் நிற்கும் பவளத்திட்டு, மழைக்காலத்தில் மலைப் பள்ளத்தாக்கின் வெள்ளம் நன்னீரையும் வண்டலையும் கொண்டு வந்து சேர்க்குமிடத்தில் மட்டும் வளர்வதில்லை. அந்த இடைவெளியே கப்பலுக்கு வாயில். அதற்கு நேர் மேற்கே வாதி ஹம்மாமாத் பள்ளத்தாக்கின் வழி நைல் நதிக்குச் செல்லும் பாலைவனப் பாதை தொடங்குகிறது. கடல்வழியும் நிலவழியும் சந்திக்கும் இடம் இது.

நகரின் நடுவே நிற்கும் கோட்டை, உஸ்மானிய சுல்தான் இரண்டாம் ஸலீம் ஆட்சியில் 1571 அளவில் எழுப்பப்பட்டது. மேல் எகிப்திலிருந்தும் மக்ரிப் நாடுகளிலிருந்தும் வந்த ஹாஜிகளில் பலர் நைல் வழியே கினா வரை வந்து, ஒட்டகத்தில் பாலையைக் கடந்து, இங்கே ஜித்தாவிற்குக் கப்பலேறினர். 1799இல் நெப்போலியனின் படை கோட்டையைப் பிடித்தது. அவ்வாண்டிலேயே ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் அதன்மீது குண்டு பொழிந்தன. 1801இல் ஜெனரல் பேர்டு தலைமையில் இந்தியாவிலிருந்து வந்த படை இக்கரையில் இறங்கிற்று. நம் நாட்டுச் சிப்பாய்களும் அப்பாலையை நடந்தே கடந்தனர். இன்று கோட்டை ஒரு காட்சியகம். அருகே, ஹாஜிகளைத் தொற்றுநோய்க்கு அஞ்சித் தங்கவைத்த 19ஆம் நூற்றாண்டுக் கட்டடமும் உள்ளது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் குஸைரின் வாழ்வு மங்கியது.

மீண்டும் அதனை எழுப்பியது பாஸ்பேட். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த இந்நிலத்தில் மீன்களின் எலும்பும் பல்லும் படிந்து இறுகிய பாறை அது. உரம் செய்ய உதவுவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியர் சுரங்கம் தோண்டினர். சுரங்கத் தொழிலாளரின் காவலராகக் கத்தோலிக்கர் கருதும் பார்பராவின் பெயரால் தங்களுக்கொரு தேவாலயமும் கட்டினர். இன்று அதில் வழிபடுவோர் கிப்தியர். அவர்கள் விட்டுச்சென்ற அலுவலகங்களும் கிடங்குகளும் பாழடைந்து நிற்கின்றன. கோட்டைக்குக் கிடைத்த பராமரிப்பு இவற்றுக்குக் கிட்டாதது குறையே. உழைத்தவர் வாழ்ந்த இடமும் வரலாறுதானே!

எனினும் நம்மை ஈர்ப்பது, நகருக்கு வடக்கே 8 கிலோமீட்டரிலுள்ள ‘அல்குஸைர் அல்கதீம்’ என்னும் பழைய குஸைரே. மணல் மேடும் உப்புப் படிந்த தரையும் அன்றி அங்கே கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை. அவ்வுப்புத் தரையே தூர்ந்துபோன பழந்துறைமுகம். ஆண்டுதோறும் 120 கப்பல்கள் இந்தியாவிற்குப் புறப்பட்டதாக ஸ்ட்ராபோ குறிப்பிடும் மியோஸ் ஹோர்மோஸ் இதுவே என்பது, இங்கே கிடைத்த எழுத்துச் சான்றுகளால் உறுதிப்பட்டது.

1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் டொனால்ட் விட்கோம்பும் ஜேனட் ஜான்சனும் நடத்திய அகழாய்வில் ‘கணன்’, ‘சாதன்’ எனத் தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. பின்னர் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த ஓட்டில் ‘பானை ஒறி’ என்றிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். உறியில் தொங்கவிடும் பானை என்பது அவர் கொண்ட பொருள். இவற்றைக்கொண்டு அங்கே தமிழர் குடியேற்றமே இருந்தது என முழங்குவோர் உளர். அஃது மிகை. சில ஓடுகள் சிலர் வந்ததைச் சொல்லும். ஊர் இருந்ததைச் சொல்லா.

அதே அகழாய்வில் ஒரு வீட்டில் காகிதத் துணுக்குகள் குவியலாய்க் கிடைத்தன. 13ஆம் நூற்றாண்டில் அங்கே வாணிபம் செய்த ஷைகு அபூ முஃபர்ரிஜ் என்பாரின் குடும்பக் கடிதங்களும் கணக்குகளும் அவை. லி குவோ என்னும் அறிஞர் அவற்றைப் படித்து 2004இல் நூலாக்கினார். மேல் எகிப்தின் கோதுமையும் மாவும் இவர் வழியாகவே கடல் கடந்து ஹிஜாஸுக்குச் சென்றன. விளைநிலம் குறைந்த அப்புனித பூமிக்கு உணவனுப்பியோருள் இவரும் ஒருவர். எழுத்துகளுக்குப் புள்ளியிடாத விரைவெழுத்து. பேச்சு வழக்குக் கலந்த அரபு. நம் மாணவன் ஒருவன் இவ்வாறு எழுதினால் சிவப்பு மையால் திருத்தியிருப்போம். ஆனால், இலக்கண நூல்கள் நமக்குக் காட்டாத அங்காடி அரபு உயிரோடு ஒலிப்பது இத்தகைய கடிதங்களிலேதான். இந்திய அச்சுப் பருத்தித் துணிகளும் அவ்விடத்தே கிடைத்துள்ளன. குஜராத்தில் நெய்யப்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து.

செல்ல விரும்புவோர் முதலில் கோட்டைக் காட்சியகத்தைக் கண்டு, அதன்பின் மணல் மேட்டிற்குச் செல்க. முன்னதைக் காணாமல் பின்னதை மட்டும் கண்டால், அது வெறும் மணலாகவே தோன்றும்.