வெறும் வாயுதானா?

சின்னசேலம் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடை வாசலில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். "வயிறு உப்புசமா இருக்கு, வாயு மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்டு வரும் ஓர் அம்மாளையாவது காணாமல் திரும்ப மாட்டீர்கள். வீட்டில் ஓமத் தண்ணீரும் பெருங்காய மோரும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்திருப்பார். பெரும்பாலோருக்கு அது வெறும் வாயுவேதான். பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு சிலருக்கு மட்டும் அது வாயுவாக இருப்பதில்லை. சினைப்பையில் புற்றுநோய் தோன்றினால் அதுவும் இப்படித்தான், உப்புசமாகத்தான், முதலில் தலைகாட்டுகிறது.

சினைப்பை என்பது வாதுமைப் பருப்பளவு உள்ள உறுப்பு. கர்ப்பப்பையின் இரு பக்கமும் ஒவ்வொன்று, அடிவயிற்றின் ஆழத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் கைக்குத் தட்டுப்படாது. வளர இடமும் தாராளம். ஆகவேதான் பலருக்கு நோய் முற்றிய பிறகே தெரிய வருகிறது.

ஆனாலும் உடம்பு சொல்லாமல் இருப்பதில்லை, சகோதரிகளே! ஆசையாகச் சாப்பிட உட்கார்ந்து, நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. கை கால் மெலிகிறது; பாவாடை நாடா மட்டும் இறுகுகிறது. அடிவயிற்றில் ஓயாத வலி. அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுகிறது. மாதவிடாய் நின்று வருஷங்கள் ஆன பிறகு உதிரம் பட்டால், அதை ஒரு நாள்கூட மறைத்து வைக்கக் கூடாது. மற்றவை என்றோ ஒரு நாள் வந்து போனால் கவலை இல்லை. புதிதாகத் தொடங்கி, மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் தொல்லை கொடுத்தால் டாக்டரிடம் போக வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். "அந்த வயசுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வார். சொல்லட்டும்!

"போன வருஷம் பாப் பரிசோதனை செய்தேனே, சரியாக இருந்ததே" என்பீர்கள். அது கர்ப்பப்பை வாய்க்கு உரியது. சினைப்பையைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை. டாக்டரம்மா உள்பரிசோதனை செய்வார், ஸ்கான் எடுக்கச் சொல்வார், 'சி.ஏ. 125' என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவார். இந்த ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது. சாதாரணக் கட்டிக்கும் எண் ஏறும். நோய் இருந்தும் ஏறாமல் இருப்பதுண்டு.

தொல்லையே இல்லாதவர்களும் வருஷா வருஷம் சோதித்துக்கொள்ளலாமே? பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களுக்கு மேல் சேர்த்து அதை ஆராய்ந்தார்கள். அப்படிச் சோதித்ததால் மரணங்கள் குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. தாய்க்கோ, உடன்பிறந்தவளுக்கோ சினைப்பையிலோ மார்பகத்திலோ புற்றுநோய் வந்திருந்தால் விஷயம் வேறு. அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்கு 1923-ல் பறிகொடுத்தார். அந்த வேதனையிலிருந்து எழுந்ததுதான் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். அன்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சென்னைதான் கதி. இன்று கள்ளக்குறிச்சியிலேயே 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கும் முதல் சோதனைக்கு அதுவே பக்கம்.

போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். சமையலறைச் சுவரில் பால் கணக்கு எழுதும் காலண்டர் இருக்கிறதல்லவா? உப்புசம் வந்த நாளில் அதில் ஒரு பென்சில் புள்ளி வையுங்கள். மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துக் கையோடு கொண்டு போங்கள்.