கல்லினுள் ஓர் அன்னை

அறியாத உயிரைப் பகையெனக் கருதுதல் மாந்தர்க்குப் பழகிய பிழையாம். இதனை நன்கு விளக்குவது, 1967ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் அமெரிக்காவில் ஒளிபரப்பப்பெற்ற 'இருளில் ஒரு பேய்' என்னும் தொலைக்காட்சி நாடகம். 'ஸ்டார் டிரெக்' வரிசையைச் சார்ந்த இதனை இயற்றியவர் ஜீன் கூன். அண்மையில் மீண்டும் கண்ட யாம், இதன் கருத்தை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுந்தோம்.

ஜேனஸ் என்னும் தொலைக் கோளின் சுரங்கத்தில் ஐம்பதின்மருக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். கல்லை உருக்கித் துளைத்துச் செல்லும் ஹோர்ட்டா என்னும் பிராணியே அவர்களைக் கொன்றது. அதனை நேருக்கு நேர் கண்ட விண்கலத் தலைவர் கிர்க், சுடாது நின்றார். அவர் துணைவர் ஸ்பாக், தம் உள்ளத்தை அதன் உள்ளத்தோடு ஒன்றுவித்து அதன் துயரை உணர்ந்தார். பயனற்ற உருண்டைக் கற்களெனத் தொழிலாளர் உடைத்தெறிந்தவை அதன் முட்டைகளே! ஈன்றவள் தன் மக்களைக் காக்கவே கொன்றாள்.

கல்லுயிர் என்பது வெறுங் கற்பனையோ? கரியணுவைப் போலவே சிலிக்கன் அணுவும் நான்கு பிணைப்புக்களை ஏற்கவல்லது; அதனின்றே இவ்வெண்ணம் பிறந்தது. ஆயினும் கரி பிராணவாயுவோடு கூடின், நம் மூச்சில் வெளியேறும் வாயுவாகும். சிலிக்கன் கூடினாலோ மணலாகும். மணலை மூச்சாக விடுதல் எளிதன்று. ஆதலின் கரியுயிரையே அறிந்தவர் கல்லில் உயிரைத் தேடாமை வியப்பன்று.

முடிவில் இரு திறத்தாரும் உடன்பட்டனர்: குஞ்சுகள் துளைக்கும், மாந்தர் கனிப்பொருளைக் கொள்வர். முட்டைகளை உடைத்தவர் கொடியரல்லர், வினவாதவர். கற்கப் புகுந்த நாமும், கைப்பட்ட கல்லை உடைக்குமுன், 'இஃது யாது?' என வினவக் கற்போமாக.