தக்காளிப் பழத்தின் நிறமும் வெப்பநிலையும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் சிறுபோகத்தில் பயிராகும் தக்காளி, முற்றிப் பழுத்த பின்னரும் சிவவாது, மஞ்சள் நிறமாகவே நின்றுவிடுவதுண்டு. அத்தகைய பழத்திற்குச் சந்தையில் விலை குறையும். இதனை நோயென்று எண்ணி மருந்து தெளிப்போரும், உரக்குறைவென்று எண்ணி மேலும் உரமிடுவோரும் உளர். இலையும் தண்டும் நலமாயிருக்கப் பழம் மட்டும் வெளிறுமாயின், அதற்குக் காரணம் பெரும்பாலும் வெப்பமேயாகும்.

பழத்திற்குச் செந்நிறம் தருவது லைக்கோபீன் என்னும் பொருள். இது 20 முதல் 25 பாகை செல்சியசு வெப்பத்தில் நன்கு உண்டாகும்; 30 பாகைக்கு மேல் அதன் ஆக்கம் தடைப்படும். மஞ்சள் நிறந்தரும் கரோட்டீனோ அவ்வெப்பத்திலும் உண்டாகும். ஆகவே பழம் மஞ்சளிக்கின்றது. நேர்வெயில் படும் பழம், சூழவுள்ள காற்றினும் அதிகமாகச் சூடேறும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மகரந்தம் வலுவிழப்பதால் பூக்களும் பிஞ்சு பிடிக்காது உதிரும்.

கமக்காரர் செய்யத்தக்கவை வருமாறு:

1. மழைநீர் வடியும் உயர்பாத்தியில் மார்கழியில் நாற்று நடுக. தை, மாசி மாதங்களின் தண்மையில் செடி பூத்துக் காய்க்கும்.

2. பழத்திற்கு நிழல் தரும் இலைகளைக் கிள்ளலாகாது.

3. பாத்திக்கு வைக்கோல் மூடாக்கு இட்டு, காலையில் நீர் பாய்ச்சுக.

4. வெயிற்காலத்தில், காயின் அடிமுனையில் நிறமாற்றம் தோன்றியவுடன் பறித்து, காற்றோட்டமுள்ள நிழலில் ஒற்றையடுக்காகப் பரப்புக.

இங்ஙனம் செய்யின் வீண்செலவு தவிர்வதோடு, பழமும் நன்கு சிவக்கும்.