படம் எங்கே நின்று பேசுகிறது?

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நாட்களில், டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கேன்பிக்ஸ் செய்திப்பட நிறுவனத்தைச் சேர்ந்த புகைப்படக்காரர்கள் இருவர் ஒரு காரியம் செய்தார்கள். பொது இடங்களில் கூடியிருந்தவர்களை வைட் லென்ஸிலும் டெலி லென்ஸிலும் வெவ்வேறு இடங்களில் நின்று எடுத்து, படங்களை அடுத்தடுத்து வைத்தார்கள். ஒன்றில் மக்கள் போதிய இடைவெளியோடு தெரிந்தார்கள். மற்றொன்றில் நெருக்கியடித்து நிற்பதுபோலத் தெரிந்தார்கள். எந்தப் படத்திலும் திருத்தம் இல்லை. இடைவெளி விடவில்லை என்று ஊரே ஒருவரையொருவர் குறைசொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், படத்தை நம்பித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்பதை அது காட்டியது.

பலரும் இந்த வேறுபாட்டுக்கு லென்ஸைத்தான் காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் தூரம். இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இருவர் வரிசையில் நிற்கிறார்கள் என்று கொள்வோம். முன்னால் இருப்பவரிடமிருந்து 2 மீட்டரில் கேமரா இருந்தால் பின்னவர் 4 மீட்டரில் இருப்பார். படத்தில் பாதி உயரமே தெரிவார். கேமராவை முன்னவரிடமிருந்து 20 மீட்டர் தொலைவுக்குக் கொண்டுபோனால் தூரங்கள் 20, 22 என்றாகும்; இருவரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒட்டி நிற்பதுபோலத் தெரிவார்கள். டெலி லென்ஸ் செய்வது அந்தப் பகுதியைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே. அதே இடத்தில் நின்று வைட் லென்ஸில் எடுத்து, அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் பார்த்தாலும் உருவங்களின் அளவு விகிதம் மாறாது. கைக்கெட்டும் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெருத்துத் தெரிவதும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கை ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் ஃபிளாரன்ஸ் நகரின் கட்டடக்கலைஞர் புருனலெஸ்கி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நகரின் ஞானஸ்நான ஆலயத்தைப் பலகையில் வரைந்து, அதில் ஒரு துளையிட்டு, பின்புறமிருந்து கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்க்கச் செய்தார். 1435இல் அறிஞர் ஆல்பர்ட்டி இந்த முறையை விதிகளாக எழுதிவைத்தார். ஆனால் அந்தத் துளை ஒரு கண்ணுக்கு, ஓர் இடத்துக்கு மட்டுமே ஆனது. எல்லா ஓவியமும் அதில் அடங்காது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியத்தில் சைவ அடியார் சுந்தரரின் திருமணம் தடைப்படுவதும், அவர் யானைமீதும் அவர் நண்பர் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை ஏகுவதும் ஒரே சுவரில் நிகழ்கின்றன. வேறுவேறு காலங்களை ஒருசேரக் காட்ட முனைந்த ஓவியருக்கு ஒற்றைக் கண்ணின் விதி போதாது. அந்த விதியைப் பின்பற்றாததைத் திறமைக்குறைவு என்பது, கேட்காத கேள்விக்கு விடை இல்லையே என்று குறைப்படுவதாகும்.

அப்படியானால் எல்லாம் அவரவர் பார்வைதானா, உண்மை என்று ஒன்று கிடையாதா என்று கேட்கலாம். அந்த முடிவுக்கு இங்கே இடமில்லை. வரிசையில் நின்ற இருவருக்கும் நடுவே இருந்தது இரண்டு மீட்டர்தான்; எந்தப் படமும் அதை மாற்றவில்லை. கேமரா நின்ற இடம் தெரிந்தால் இரண்டு படங்களும் ஒன்றையொன்று மறுக்காமல், ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒப்பிட்டு மலையின் உயரத்தைக் கணக்கிடுவது இப்படித்தான். நம் இரு கண்களும் சற்றே விலகி அமைந்திருப்பதும் ஆழம் நமக்குப் புலப்பட உதவுகிறது. பார்வைகள் பல என்பது உண்மைக்குப் பலமே.

எங்காவது நிற்காமல் படம் எடுக்க முடியாது. ஆகவே இடத்தைத் தேர்வதே மோசடி என்பதும் சரியல்ல. நின்ற இடத்தை மறைத்து, இதுவே முழுக் காட்சி என்று சாதிப்பதுதான் தவறு. அன்றாட வாழ்க்கைக்கும் இது பொருந்தும். கிட்டே இருப்பது எவருக்கும் பெரிதாகத்தான் தெரியும். சம்பள உயர்வு கேட்பவருக்குத் தன் வீட்டுச் செலவும், கொடுப்பவருக்கு வரவுசெலவுக் கணக்கும் முன்னே வந்து நிற்கும். ‘என் பார்வை இது’ என்று சொல்வதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. இருவரும் எங்கே நிற்கிறோம் என்பதை முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு இடம் மாறிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் எஞ்சுவதுதான் விவாதிக்கத் தகுந்த வேறுபாடு.