வானொலியில் ஒரு நாட் பேச்சு



பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி என்றோர் ஊராட்சி உள்ளது. தென்னையும் நெல்லும் விளையும் பூமி அது. அரசு அலுவல்கள் பெரும்பாலும் மலையாளத்தில் நடக்கின்றன. ஆயினும் பல வீடுகளில் தமிழே பேச்சு மொழியாக விளங்குகிறது. மேற்கே உள்ள திருச்சூர் வானொலி நிலையம் 1956-ஆம் ஆண்டு நவம்பரில், கேரள மாநிலம் பிறந்த அதே மாதத்தில், தோன்றியது. கிழக்கே கோயம்புத்தூர் நிலையம் 1966-இல் எழுந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட இத்தகைய ஊரில், வானொலிப் பெட்டியின் திருகைச் சற்றே நகர்த்தினால் போதும், மொழி மாறிவிடும்.

உழவர்க்கென வந்த நிகழ்ச்சிக்குத் தமிழில் ‘வீடும் வயலும்’ என்று பெயர். மலையாளத்தில் அதுவே ‘வயலும் வீடும்’. சொற்கள் அவையே, வரிசை மட்டும் மாறி நிற்கிறது. இரு மொழிகளின் உறவை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

வானொலி என்றதும் பலருக்கும் பாட்டே நினைவுக்கு வரும். ஆனால் ஒரு நாள் முழுவதும் பெட்டியருகே அமர்ந்து கேட்பவருக்கு, அதில் பேச்சுக்கு உரிய இடம் எத்துணை பெரிது என்பது விளங்கும். காலையில் ஒரு நற்சிந்தனையும் செய்தியும். பின்னர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மகளிர்க்கும் உரியவை. மாலையில் உழவர்க்கு உரியவை. இரவில் இலக்கிய உரை, கலந்துரையாடல், நாடகம், உரைச்சித்திரம். இவ்வாறு நெடுங்காலமாக ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டு வந்திருக்கிறது. யார் எப்பொழுது ஓய்ந்திருப்பர் என்று எண்ணிப் பார்த்து அமைத்த ஒழுங்கு இது.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு. ஆழியாற்று நீர் சித்தூர்ப் பகுதிப் பாசனத்துக்கு வருவதால், தமிழ்நாட்டு மலையில் பெய்யும் மழை பெருமாட்டி உழவருக்கும் வேண்டிய செய்தியே. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல்வகை தஞ்சை மாவட்டத்தில் பரவியபொழுது, அதனை வானொலி வழியே அறிந்த உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். சென்னை நிலையத்தில் ‘இன்று ஒரு தகவல்’ சொல்லிவந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன், சில நிமிடங்களுக்குள் ஓர் அரிய கருத்தையும் ஒரு நகைச்சுவைக் கதையையும் அடக்கிக் காட்டினார். அவர் 2009-இல் மறைந்தார். அவருடைய குரல் இன்னும் பலர் செவியில் ஒலிக்கிறது.

இப் பேச்சு எளிதாகத் தோன்றினாலும் எழுதுதல் எளிதன்று. நூலைப் படிப்பவர் ஐயம் எழுந்தால் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டலாம். கேட்பவருக்கு அவ்வசதி இல்லை. காற்றில் போன சொல் போனதே. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னதாகவே வந்துவிடும். தமிழில் அது இறுதியில் நிற்கும். நீண்ட ஆங்கிலச் செய்தியை அப்படியே தமிழாக்கினால், யார் என்ன செய்தார் என்று அறியக் கேட்பவர் மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். ஆதலின் ஒரு வாக்கியத்தை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, செயலை முதலில் சொல்லி, காரணத்தைப் பின்னர்ச் சொல்லுதல் வானொலித் தமிழின் முதற்பாடம். தில்லியிலிருந்து பல்லாண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி, தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்தவாறே தெளிந்த உச்சரிப்புக்கு ஓர் அளவுகோலானார். அவர் 2022-இல் மும்பையில் காலமானார்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் என்ன? பெருமாட்டியைப் போலவே நம் இல்லங்களிலும், தமிழைக் கேட்டால் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் பலர் உளர். அவர்களுள் தமிழைப் படிக்கத் தெரியாதவரும் பலர். அவர்களுக்கு அச்சிட்ட இலக்கியம் பூட்டிய கதவு. அடுக்களையில் கேட்கும் தமிழோ, ‘சாப்பிட்டாயா, படித்தாயா’ என்பதோடு நின்றுவிடும். நாட்டு நடப்பை விளக்கவும், மாற்றுக் கருத்தை மறுக்கவும், ஒரு நூலின் நயத்தைச் சொல்லவும் தமிழால் இயலும் என்பதை அவர்கள் செவிவழியாக அறிய வேண்டும். அதற்கு எழுத்தறிவு கேளாத பள்ளி வானொலிப் பேச்சே.

ஊரைப் பிரிந்தவர்க்கு வானொலி துணையாதல் புதிதன்று. 1947 நவம்பர் 12-ஆம் நாள், குருட்சேத்திர முகாமில் தங்கியிருந்த அகதிகளை நேரிற் காண இயலாத காந்தியடிகள், தில்லி வானொலி நிலையத்துக்கு வந்து அவர்களோடு பேசினார். அந்நாள் இன்று பொதுச் சேவை ஒலிபரப்பு நாளாகப் போற்றப்படுகிறது. அங்கு இசையில்லை, அலங்காரமில்லை. மனிதர் ஒருவரின் குரல் மட்டுமே சென்றது.

முன்பெல்லாம் சென்னையையோ திருச்சியையோ எட்டிப் பிடிக்க, இரவில் பெட்டியைத் திருகிக் காத்திருந்தோம். இன்று பிரசார் பாரதியின் கைப்பேசிச் செயலியில் தமிழ் நிலையங்கள் எவ்வூரிலும் தெளிவாகக் கேட்கின்றன. தொலைவு நீங்கிற்று, கேட்கும் பழக்கமே குறைந்து வருகிறது. நாள்தோறும் பத்து நிமிடம், உணவு வேளையிலேனும், பிள்ளைகளோடு அமர்ந்து ஓர் உரையைக் கேளுங்கள். விளங்காத சொல்லை அவர்கள் வினவட்டும். நீங்கள் விடை கூறுங்கள். பிடித்த நிகழ்ச்சியைப் பற்றி நிலையத்துக்கு ஒரு மடலும் வரையுங்கள். கேட்பவர் உளர் என்று அறிந்தால்தான் பேசுபவர்க்கு ஊக்கம் பிறக்கும்.