கடிகாரப் பயிற்சி: வெளிநாட்டுச் சான்றிதழ் மட்டும் போதுமா?

ஐந்தடியில் கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்தி அமர்ந்திருக்கும் கடிகாரக்காரர்களை இப்போது நம் கடைவீதிகளில் காண்பது அரிது. கைப்பேசியில் நேரம் பார்க்கும் காலத்தில் இந்தத் தொழிலுக்கு வேலையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நிலவரம் வேறு.

1969-ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பேட்டரியில் ஓடும் மலிவான கடிகாரங்கள் பெருகின. 1970-இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் 1980-களின் நடுவில் ஏறக்குறைய 30,000 பேரே எஞ்சினர். இளையோர் இத்தொழிலைக் கற்க வருவதும் குறைந்தது. பின்னர் இயந்திரக் கடிகாரங்கள் ஆடம்பரப் பொருளாக மீண்டு வந்தன. அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்து ஓடவைக்கும் கைகளுக்குத்தான் பற்றாக்குறை ஏற்பட்டது.

அந்தக் கைகளை உருவாக்கும் பயிற்சிகளில் உலக அளவில் பெயர் பெற்றது 'வோஸ்டெப்'. சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் நகரில் 1966-இல் இது தொடங்கப்பட்டது. இதே பாடத்திட்டத்தைப் பிரிட்டனின் மான்செஸ்டர் வட்டாரத்தில் உள்ள பள்ளி உட்பட வேறு சில நாடுகளின் பள்ளிகளும் நடத்தி வந்துள்ளன. முழுப் பயிற்சி 3,000 மணி நேரம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்.

பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே கடிகாரத்தைத் திறக்கலாம் என்று எண்ணிச் செல்பவர்கள் ஏமாந்து போவார்கள். முதலில் கையில் கொடுக்கப்படுவது அரமும் உலோகத் துண்டும்தான். அராவுதல், அறுத்தல், லேத் இயந்திரத்தில் கடைதல் என மாதக்கணக்கில் பழக வேண்டும். மாணவர்கள் சில கருவிகளைத் தாங்களே செய்கிறார்கள். அளவு பிசகலாம் என்றால், அது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மட்டுமே. கடிகாரத்தின் சமநிலைச் சக்கரத்தைத் தாங்கும் அச்சின் முனை ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். அதைக் கடையத் தெரிந்த விரல்களே பிறகு மற்ற உறுப்புகளைத் தொடலாம்.

அதன் பின்னர் பல்சக்கரங்கள், சுருள்வில், தானாகச் சாவி ஏறும் அமைப்பு, குரோனோகிராஃப், குவார்ட்ஸ், நீர் புகாமைச் சோதனை எனப் பாடங்கள் தொடர்கின்றன.

இறுதித் தேர்வில் எழுத்துத் தாளைவிடக் கைவேலைக்கே மதிப்பு. கொடுக்கப்பட்ட கடிகாரங்களை முழுமையாகப் பிரித்து, கோளாறைக் கண்டுபிடித்து, எண்ணெயிட்டு, நேரத்தைச் சீராக்கி, ஒரு கீறலும் இல்லாமல் திருப்பித் தர வேண்டும். இது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். இன்றைய இயந்திரக் கடிகாரங்கள் பலவற்றில் சமநிலைச் சக்கரம் விநாடிக்கு 8 முறை அசைகிறது. ஒரு நாளில் 691,200 அசைவுகள். சுவிஸ் குரோனோமீட்டர் சான்று பெறும் கடிகாரம் சராசரியாக நாளுக்கு 4 விநாடிக்கு மேல் பின்தங்கவோ 6 விநாடிக்கு மேல் முந்தவோ கூடாது. ஒரு நாளின் 86,400 விநாடிகளோடு ஒப்பிட்டால், இந்தத் தவறு 0.01 விழுக்காட்டுக்கும் குறைவு.

இத்தனையும் கடந்து சான்றிதழ் பெற்ற ஒருவர் ஊர் திரும்பிச் சொந்தக் கடை திறந்துவிடலாமா? சிக்கல் இங்குதான் எழுகிறது.

பழுது பார்க்கத் திறமை மட்டும் போதாது, உதிரிப் பாகங்களும் வேண்டும். பெரிய சுவிஸ் நிறுவனங்கள் பல, தங்கள் அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கு மட்டுமே அவற்றைத் தருகின்றன. இதை எதிர்த்து ஐரோப்பாவின் தனிப்பட்ட பழுதுபார்ப்போர் கூட்டமைப்பு 2004-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தது. ஆணையம் 2014-இல் அதைத் தள்ளுபடி செய்தது. அந்த முடிவு சரியே என 2017 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் அங்கீகாரத்துக்குச் சான்றிதழோடு, அது குறிப்பிடும் இயந்திரங்களும் பணிமனை வசதியும் தேவைப்படும். அதற்கான முதலீடு சிறியதல்ல.

ஆகவே, பயிற்சி முடித்தவர்களுக்கு எளிதில் திறக்கும் கதவு, நிறுவனங்களின் சேவை மையம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய மையங்கள் உள்ளன. சில ஆண்டுகள் அங்கே பணியாற்றினால் வேகமும் அனுபவமும் கூடும். சொந்தக் கடைதான் இலக்கு என்றால், பாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்கும் பழைய கடிகாரங்களிலும் ஜப்பானியக் கடிகாரங்களிலும் கவனம் செலுத்துவது ஒரு வழி.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளையை இத்துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், விண்ணப்பிக்கும் முன்பே சிலவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும். அந்தப் பள்ளியின் சான்றிதழை எந்தெந்த நிறுவனங்கள் ஏற்கின்றன? கருவிகளின் விலை கட்டணத்தில் அடங்குமா, தனியாக வாங்க வேண்டுமா? படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? உள்ளூர்ச் சேவை மையம் ஒன்றில் விசாரித்து, பயிற்சியாளராகச் சேர வாய்ப்பு உண்டா என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. இரண்டு ஆண்டுகளையும் குடும்பச் சேமிப்பையும் செலவிடும் முன் பெற வேண்டிய பதில்கள் இவை.