உமி ஏன் குழாயில் அடைத்துக்கொள்கிறது?

முத்துப்பேட்டைப் பக்கம் அரிசி மில்லைத் தாண்டிப் போகும்போது, கூரைமேல் வளைந்தோடும் தகரக் குழாய்க்குள் சரசரவென்று சத்தம் கேட்டால், அது உமி. காற்றிலேறிக் கொட்டகைக்குப் போகிறது. 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 20 கிலோ உமி. ஆள் வைத்து அள்ளினால் கட்டுப்படியாகாது.

களத்தில் நெல் தூற்றும்போது பதர் தள்ளிப்போய் விழுகிறதே, அதே சங்கதிதான். காற்றுக்குப் போதிய வேகம் இருக்கும்வரை உமி மிதந்தோடும். குறைந்தால் படுக்கைக் குழாயின் அடியில் மணல்மேடுபோலப் படியும். மேடு வளர்ந்து வழியை அடைத்துவிடும்.

சரி, காற்றை அள்ளிவிட்டால்? அங்கேதான் வினை. காற்றை ஊதும் அதே விசிறியை இரு மடங்கு வேகத்தில் சுழற்ற 8 மடங்கு மின்சக்தி வேண்டும். போதாததற்கு, உமியில் சிலிக்கா நிறைய. மணலில் இருக்கும் அதே பொருள். வளைவில் காற்று திரும்பிவிடும், உமி திரும்பாது. நேரே போய் மோதி, உப்புத்தாள்போல உராய்ந்து தகரத்தில் ஓட்டை போடும். மில்களில் வளைவுகளில் மட்டும் ஒட்டுமேல் ஒட்டாக இருப்பது இதனால்தான்.

ஆகவே காற்றைக் கூட்டிக்கொண்டே போக முடியாது; காற்றை மட்டுமல்ல, அது தாங்கும்படி உமி விழும் அளவையும் சீராக வைக்கவேண்டும். நிறுத்தும்போது முதலில் நெல். குழாய் காலியான பிறகே விசிறி.